சஹனில் ஆறாவது ஆள்

ஆலங்குடா,
2017 ஏப்ரல் 6, வியாழன்.

எனது அன்பின் ஜுனைதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னையும், உன் முழங்காலையும், நீ வேலை செய்கிற வீட்டின் ஏறி முடியாத படிகளையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். இந்த இடத்தில் நான் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். எழுதினேன். பிறகு பேனையால் அடித்தேன். அடித்தது தெரிந்தால் நீ பயப்படுவாய் என்று வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். பதறாதே. பதறுகிற காரியமாக இருந்தால் பக்கத்து வீட்டு றம்லா இதற்குள் உனக்கு வட்ஸ்அப்பில் அழுது, யாஸீனும் ஓதி அனுப்பியிருப்பாள்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நஸீம் லீவு முடிந்து சனிக்கிழமை றியாதுக்குத் திரும்புகிறான். அவன் கார் ஓட்டுகிற வீடு உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தானே. ‘எல்லாரும் கருவாடு, மாசி, பினாட்டு எண்டு தந்திரிக்காங்க, மர்ஸூக் நானா நீங்க என்ன தாறீங்க?’ என்று கேட்டான். கடிதம் என்றேன். பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். வைத்திருந்தால் உனக்கே மணந்திருக்கும்.

சரியான காரணம் வேறு. ஃபோனில் நான் உன்னைச் சிரிக்க வைக்கத் தொடங்கிவிடுகிறேன். நீயும் சிரிக்கிறாய். அதற்குள் உன் மெடம் மேல்மாடியிலிருந்து கூப்பிடுகிறா. ஃபோனை வைத்த பிறகுதான் ஐயோ, சொல்ல வந்ததைச் சொல்லவில்லையே என்று எனக்கு ஞாபகம் வருகிறது. ஏழு வருடமாக இதுதான் நடக்கிறது. கடிதத்தில் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது. ஆகவே சொல்ல வந்ததைச் சொல்லிவிடலாம்.

முதலில் ஊர்ப் புதினம். றம்லா வீட்டு முன்சுவருக்கு மஞ்சள் நிறம் அடித்திருக்கிறாள். அப்படி ஒரு மஞ்சள். என் த்ரீவீலரின் லைட் போடாமலே இரவில் ஒழுங்கைப் பாதை முழுதும் தெரிகிறது. கடற்கரையில் காற்று விழுந்துவிட்டது. பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் எல்லோரும் போய்விட்டார்கள், இனி மே மாதம்தான் வருவார்கள். போன கிழமை ஒரு வெள்ளைக்காரியைப் பாலாவிச் சந்திவரை ஏற்றிப் போனேன். உப்பளத்தைக் கண்டு, ஐஸ் கொட்டியிருக்கிறதா என்று கேட்டாள். ஓம் என்றேன். எனக்கு இங்கிலிஷில் ஓம் மட்டும்தானே ஒழுங்காக வரும்.

நிஸ்ரின் கல்எளியாவில் சுகமாக இருக்கிறாள். மருமகன் நல்ல பிள்ளை. கதைக்கமாட்டான், ஆனால் நல்ல பிள்ளை. வாப்பா எங்களோட வந்து இருங்க என்று மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். கதைக்காத மருமகனும் கதையை நிறுத்தாத மாமனாரும் ஒரு வீட்டில் இருந்தால் யாருக்குப் பைத்தியம் முதலில் பிடிக்கும் என்று பந்தயம் கட்டலாம். அதனால் போகவில்லை. இந்தக் கடிதத்தில் உள்ளதை அவளுக்கு இப்போதைக்குச் சொல்லாதே.

இனி விசயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்ல என் பட்டப் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். உனக்குத் தெரியாது, இந்தப் பக்கத்தில் என்னை இப்போது ‘ஆறாம் மர்ஸூக்’ என்கிறார்கள். ஏதோ ராஜ வம்சம் என்று நினைக்காதே. கலியாண வீட்டில் சஹன் வைக்கும்போது ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும் அல்லவா? வருகிறவர்கள் ஆறு ஆறாகவா வருகிறார்கள்? அண்ணன் தம்பி மூன்று பேர், கூட்டாளிமார் இரண்டு பேர் என்று வந்து உட்காருவார்கள். உடனே பந்தி பார்க்கிறவர் சத்தம் போடுவார்: ‘இஞ்ச ஒராள் கொறயிது, ஒராள் வாங்க!’ அந்த ஒராள் நான். தனியாகப் போகிறவனுக்கு எந்தச் சஹனிலும் இடம் உண்டு. கலியாணம், ஹஜ்ஜுக்குப் போய் வந்த விருந்து, கத்தம், கந்தூரி, எதையும் நான் விட்டதில்லை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை இல்லாவிட்டாலும் சமாளிப்பார்கள், மர்ஸூக் இல்லாவிட்டால் ஒரு சஹன் நின்றுவிடும் என்று ஊரில் பகிடி பண்ணுகிறார்கள். நம்முடைய கற்பிட்டி பஸ்தியான் இருக்கிறானே, அவன் சொன்னான்: ‘மச்சான், நீ கலியாணம் கட்டினது ஒருக்கா, கலியாணச் சோறு திண்டது ஆயிரம் தரம்.’

சஹனில் உட்கார்ந்துவிட்டால் கொஞ்சமாகத் தின்ன முடியாது. அது உனக்குத் தெரியும். ஒருவன் கையை எடுத்தால் மற்ற ஐந்து பேரின் கையும் கூசி நின்றுவிடும். வீட்டுக்காரர் ஓடி வந்து இறைச்சியைக் கொட்டிவிட்டுப் போவார். ஆகவே தின்னத்தான் வேண்டும். தின்றால் எனக்கு நெஞ்செரியும். எரிந்தால் நீ அனுப்புகிற குளிசை இருக்கிறது. காலையில் ஒன்று. பின்னேரம் இன்னொரு விருந்து இருந்தால் இன்னொன்று. விருந்து இல்லாத நாளிலும், நாளைக்கு இருக்குமே என்று ஒன்று.

நீ போன முதல் நோன்பில் எனக்குக் கெஸ்ட்ரைட்டிஸ் வந்ததும், இங்குள்ள டொக்டர் இரண்டு கிழமைக்குக் குளிசை தந்ததும் ஞாபகம் இருக்கும். நல்ல சுகம் என்று உனக்குச் சொன்னேன். நீ அதே குளிசையை அங்கே பாமசியில் பெரிய போத்தலாக வாங்கி, ஆள் வருகிற நேரமெல்லாம் அனுப்பினாய். டேங் போத்தல், சொக்லட், கோடாலித் தைலம், சவர்க்காரம், இந்தக் குளிசை. இதுதான் நம் வீட்டுப் பார்சல். டொக்டர் சொன்ன இரண்டு கிழமை, ஏழு வருடமாக முடியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் கிட்னி பரிசோதிக்கிற முகாம் வைத்தார்கள். கிட்னியைப் பற்றி எனக்கென்ன கவலை? இரத்தம் கொடுக்கிறவர்களுக்குப் பகல் சோறு உண்டு என்று றம்லா சொன்னாள். போனேன். சோறு இல்லை. ஒரு பிஸ்கட்டும் வாழைப்பழமும் தந்தார்கள். றம்லாவை ஏசிக்கொண்டு வந்தேன். பத்து நாளில் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி ஃபோன் வந்தது. இரத்தத்தில் கழிவு கூடியிருக்கிறதாம். சலத்தையும் குப்பியில் பிடித்துப் பார்த்தார்கள், ஸ்கேனும் பண்ணினார்கள். என் கிட்னி இரண்டும் வேலையைக் கைவிடவில்லையாம், ஆனால் மெதுவாகத்தான் செய்கின்றனவாம். என்னைப் போலத்தான் என்றேன். டொக்டர் சிரிக்கவில்லை. இளம் பெண், சிங்களப் பிள்ளை, தமிழை ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துக் கதைக்கிறா. அவ சிரிக்காததுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. எனக்கு நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. களைப்பு இருந்தது. இரவில் காலில் குரக்கை பிடித்து இழுத்தது. வயது நாற்பத்தொன்பது, அதெல்லாம் வரும்தானே என்று விட்டிருந்தேன்.

சீனி இருக்கா என்று கேட்டா. இல்லை. பிரஷர்? இல்லை. நோவுக் குளிசை குடிக்கிறதா? இல்லை. நாட்டு மருந்து, கசாயம்? இல்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீர்? சொன்னேன். வேறு என்ன மருந்து பாவிக்கிறீங்க என்று கடைசியாகக் கேட்டா. ‘மருந்தா? நான் பனடோல் கூடப் போடமாட்டன் மிஸ்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த நேரம் உன் போத்தல் என் சேட்டுப் பையில்தான் இருந்தது. சத்தியமாகப் பொய் சொல்லவில்லை ஜுனைதா. மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்குவது. நீ அனுப்புவது பார்சல் சாமான். டேங் குடிக்கிறாயா என்று கேட்டால் ஓம் என்றிருப்பேன். அந்த வரிசையில்தான் அதுவும் என் மண்டையில் இருந்தது. பாவம் அந்தப் பிள்ளை, என் கிட்னி ஏன் மெதுவானது என்று காரணம் தெரியாமல் ஒரு மாதம் தலையைச் சொறிந்தா.

அடுத்த கிளினிக்கில்தான் அகப்பட்டேன். வாங்கில் என் பக்கத்தில் உடப்பிலிருந்து வந்த ஒரு ஐயா இருந்தார். விடியவே பஸ் ஏறி வந்தவர், நெஞ்சைத் தடவித் தடவி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்காதே. போத்தலைத் திறந்து, ‘இந்தாங்க ஐயா, சவூதிச் சாமான், போட்ட உடனே கேக்கும்’ என்று ஒன்றை நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நர்ஸ் மிஸ்ஸி. ‘என்ன நானா, கிளினிக்குக்கு உள்ளுக்கே வேறயா ஒரு டிஸ்பென்சரி நடத்துறீங்களோ?’ என்று கேட்டுப் போத்தலைப் பறித்து, என்னையும் களவெடுத்த பிள்ளையைப் போல டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா.

டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. எவ்வளவு காலமாகப் பாவிக்கிறீங்க என்று கேட்டா. பெண்சாதி சவூதிக்குப் போன வருசத்திலிருந்து என்றேன். பேனையை மேசையில் வைத்துவிட்டா. அதன் பிறகு அவ சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். இந்தக் குளிசை கெட்டதில்லை. தேவையான ஆளுக்கு, தேவையான காலத்துக்கு நல்ல மருந்து. சிலருக்கு நெடுநாள் வேண்டியும் வரும், அதை டொக்டர் பார்த்துக் கொடுப்பார். ஒருவரும் பார்க்காமல் வருடக்கணக்காகப் போட்டால், எல்லோருக்கும் இல்லை, சிலருக்குக் கிட்னியில் அழற்சி வந்து, நோவே இல்லாமல் மெதுவாகக் கெடுத்துவிடுமாம். என்னுடையது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஆனால் வேறு காரணம் ஒன்றும் அகப்படாதபடியால் முதல் சந்தேகம் இதன் மேல்தானாம். ஒரேயடியாக நிறுத்தினால் எரிவு இரட்டிப்பாகத் திரும்பும் என்று படிப்படியாகக் குறைக்கச் சொன்னா. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள். நிறுத்திய பிறகு இரத்தம் பார்த்தால்தான் எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று தெரியுமாம். நோன்பு பிடிக்கலாமா என்று கேட்டேன். அதை நோன்புக்கு முந்தி ஒருமுறை இரத்தம் மட்டும் எடுத்துப் பார்த்துத்தான் சொல்வாவாம்.

இதில் நான் பயந்தது கிட்னிக்கு இல்லை. இதை வாசிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்பதற்குத்தான் பயந்தேன். உன் சம்பளத்தில் வாங்கி, உன் கையால் சுற்றி, என் பெயர் எழுதி அனுப்பிய சாமான். அதனால் இப்படி என்று நான் எப்படிச் சொல்வது? றம்லா கேட்டால் என்ன சொல்வாள் தெரியுமா? ‘அனுப்பினவள் அனுப்பினாள், திண்டவருக்கு மூள எங்க போச்சு?’ என்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக றம்லா சொல்லப்போவது சரி. நீ அழக்கூடாது. அந்தப் போத்தலில் பாவிக்கிற காலம் கொட்டை எழுத்தில் இருக்கிறதாம். எனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து அதில் இல்லை, வாசிக்கத் தெரிந்த ஆளிடம் காட்டுகிற புத்தியும் எனக்கு இல்லை. இதில் நீ எங்கே வருகிறாய்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எரிவு எப்போதோ குறைந்திருந்தது. குளிசை வேண்டாம் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஃபோன் எடுத்தால் முதல் வார்த்தை ‘வயிறு எப்பிடி?’ அதற்கு நான் ஒரு கதை சொல்வேன். என்ன விருந்து, யாருடைய சஹன், எவ்வளவு எரிந்தது என்பேன். நீ ஏசுவாய். பிறகு, போத்தல் முடிந்துதா, ஆள் வருது, அனுப்பட்டா என்பாய். நிஸ்ரினுடைய கலியாணம் முடிந்த பிறகு நாம் இருவரும் வேறு எதைப் பற்றிக் கதைத்தோம் சொல்லு? என் வயிறு சுகம் என்று சொல்லிவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை நீ என்ன கேட்பாய், நான் என்ன சொல்வேன்? அதனால் எரிகிறது என்றே சொல்லி வந்தேன்.

மருந்து குறைத்த பிறகு ஒரு கலியாணத்துக்குப் போனேன். கொஞ்சமாகத் தின்றுவிட்டு எழும்புவோம் என்று நினைப்பு. வழக்கம்போலக் கூப்பிட்டார்கள், வழக்கம்போல ஆறாவதாக உட்கார்ந்தேன். நாலு வாய் சாப்பிட்டுக் கையை நிறுத்தினேன். மற்ற ஐந்து கையும் நின்றது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். பெண்ணின் வாப்பா பதறிக்கொண்டு வந்து, ‘மர்ஸூக் நானா கைய எடுத்துட்டாரா? இறச்சி வேகல்லையா? உப்புக் கூடவா?’ என்று கேட்க, சமையற்காரனையும் இழுத்து வந்துவிட்டார்கள். வயிற்றுவலி என்றேன். ஒருவரும் நம்பவில்லை. நான் கையை எடுத்தபடியால் பக்கத்துச் சஹன்காரர் சிலரும் இறைச்சியை மணந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். ஒரு மனிதனின் கலியாணச் சோற்றுக்கு என்னால் கெட்ட பெயர் வரப் பார்த்தது. அன்றிலிருந்து நான் போகவில்லை.

ஆகவே இப்போது வீட்டில் சாப்பிடுகிறேன். பகிடியாக எழுத ஒரு வரி யோசித்தேன், வரவில்லை. பாண் வாங்கி வருவேன், பருப்புக் காய்ச்சுவேன், உப்புக் குறைத்து. கதிரையில் உட்கார்ந்து பீங்கானைப் பார்ப்பேன். பீங்கானில் ஒரு கைதான். சஹனில் இருந்தால் சோறு அள்ளும்போது பக்கத்திலிருக்கிறவரின் விரல் என் விரலில் தட்டும், மன்னியுங்க என்பார், பரவாயில்ல என்பேன். ஊர்ச்சனம் நான் இறைச்சிக்குப் போகிறேன் என்று நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டில் நாலு நாள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகுதான் எதற்குப் போனேன் என்று விளங்கியது. நீ போன நாளிலிருந்து நான் இந்த வீட்டில் இருந்து ஒழுங்காக ஒரு வேளை சாப்பிட்டதே இல்லை.

பஸ்தியான் நல்லவன். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மீன் கொண்டு வருகிறான். அவனே ஆக்கி, எனக்கு எதிரே உட்கார்ந்து, ‘கெதியா தின்னு மச்சான், வீட்ட பிரான்சிஸ்கா பாத்துக்கொண்டிருக்கா’ என்று நான் முடிக்கும்வரை மணிக்கூட்டைப் பார்ப்பான். தன் வீட்டில் தின்ன வேண்டுமென்று இங்கே ஒரு வாயும் வைக்கமாட்டான். அவன் போன பிறகு வீடு முந்தியைவிட வெறுமையாக இருக்கும். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை நீ ஃபோனில் கேட்டாய். பெருநாளோடு அக்ரிமென்ட் முடிகிறது, மெடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறா, சைன் வைக்கட்டா என்று. உன் சமையல் எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, உன் மெடத்துக்குத்தான் தேவை, அவவுக்கு என் சலாம் சொல்லு என்றேன். நீ சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவள் அன்றைக்கு, சரி அப்ப, என்று சொல்லி வைத்துவிட்டாய். அது பகிடி. அது பதில் இல்லை. நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

நோயைக் காட்டி உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நீ நினைக்கக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதாமல் இருந்தேன். கிட்னி நாளைக்கே முழுதாகத் திரும்பினாலும் நான் எழுதுவது இதைத்தான். அங்கே இருப்பது உன் விருப்பமானால், இரு. மகளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்துவிட்டாய். இனி யாருக்காக இருக்கிறாய் என்று மட்டும் ஒருமுறை யோசித்துப் பார்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். அன்றைக்குக் கிளினிக்கில் அந்த மிஸ்ஸி அடுத்த கிளினிக் திகதியை என் கொப்பியில் எழுதினா. பெருநாள் கழிந்து வருகிற இரண்டாம் செவ்வாய். உப்பு எவ்வளவு, இறைச்சி எவ்வளவு, எதைத் தொடவே கூடாது என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டா. ‘இதெல்லாம் ஆம்பிளயளுக்குச் சொல்லிப் பிரயோசனமில்ல. வீட்ட ஆர் சமைக்கிறது?’ என்றா. என்ட பெண்சாதி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வாயில் வந்துவிட்டது. ‘அப்ப அடுத்த முற அவவையும் கூட்டிட்டு வாங்க’ என்றா. ஓம் மிஸ்ஸி, கூட்டிக்கொண்டு வாறன் என்றேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் பகிடிக்காரன் என்று தெரியாது. சொன்னதை அப்படியே நம்பிவிட்டா.

அல்லாஹ் உன் வழியை இலேசாக்கித் தரட்டும்.

உன்,
மர்ஸூக்.